ஒரு வாளி தண்ணீர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். மூன்று வருடம் முன்பு வரை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது ஒன்பது நிற்கின்றன. அதில் நாலு பேருக்குச் சொந்தமாகச் சார்ஜ் போட இடமில்லை. படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல் வரிசையாகச் சொருகி வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்வார்கள். காலையில் வாக்கிங் போகும்போது அந்த ஒயர்களைத் தாண்டித் தாண்டித்தான் நான் வெளியே போவேன்.

இதை வைத்துச் சங்கக் கூட்டத்தில் பெரிய சண்டை. மின் கட்டணம் யார் தருவது என்பதில் ஆரம்பித்தது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பதில் வந்து நின்றது. செயலாளர் என்னைப் பார்த்து, "சார், நீங்க பட்டறையில முப்பது வருசத்துக்கு மேல இருந்தவரு. தீ பத்துனா என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லிருங்க" என்றார். ஓய்வு பெற்றவனிடம் யாராவது கருத்துக் கேட்டால் விடுவானா? எழுந்து நின்று, "லித்தியங்கறது உலோகம். உலோகத் தீயில தண்ணி ஊத்தவே கூடாது. ஊத்துனா வெடிக்கும். மணல் வாளி வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரமே எட்டு சிவப்பு வாளிகள் வந்து இறங்கின. ஆற்று மணலுக்கு எங்கே போவது, எம்-சாண்ட் வாங்கி நிரப்பினோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினைந்து நாள் கழித்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். வந்த அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வாளிகளைப் பார்த்தார். "இது எதுக்குங்க ஐயா?" என்றார். நான் மறுபடியும் அதே பாடத்தைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க சொல்றது மெக்னீசியத்துக்கு நூத்துக்கு நூறு சரிங்க. இந்த ஸ்கூட்டர் பேட்டரிக்கு அது பொருந்தாதுங்க" என்றார்.

அத்தனை பேர் முன்னால் எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் விளக்கமாகச் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். நான் ஏன் அவ்வளவு அழுத்தமாக அப்படிச் சொன்னேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு 1979-க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்கு 26 வயது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் அந்த நாளில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் பம்புசெட் வேலைதான். வார்ப்பிரும்பு உடல், வார்ப்பிரும்பு இம்பெல்லர். கடைசல் போட்டால் கறுப்புப் பொடியாக உதிரும். அதை நாங்கள் 'போரிங்' என்போம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக வரும். மூலையில் மலைபோலக் குவித்து வைத்திருந்து, மாதம் ஒரு தடவை பழைய இரும்புக்காரருக்குப் போடுவோம்.

ஒருநாள் முதலாளி புதிதாக ஒரு ஜாப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏதோ கியர்பாக்ஸ் மூடி மாதிரி இருந்தது, மொத்தம் பதினெட்டு உருப்படி. கையில் தூக்கிப் பார்த்தவன் சிரித்துவிட்டேன். அவ்வளவு லேசு, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை என்றால், இது அலுமினியத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான். "மெக்னீசியம்னு சொல்றாங்க. அலுமினியம் மாதிரியேதான், ஓட்டுங்க" என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

அந்த உலோகத்தைக் கடைவது ஒரு சுகம். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். வெள்ளி நிறத்தில் சீவல் சுருண்டு சுருண்டு விழும். டூல் தேயவே தேயாதோ என்று தோன்றும். அதில்தான் ஏமாந்தோம். மெக்னீசியத்துக்கு டூல் கூராக இருக்க வேண்டும், கனமாக வெட்ட வேண்டும். மழுங்கிய டூலை வைத்துக்கொண்டு ஃபினிஷிங்குக்காக மெல்லிசாக உரசினால் வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கும், தேய்க்கிற இடம் சூடாகும். அந்தச் சூட்டில் தூள் மாதிரி வருகிற சீவல் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் செய்தது அச்சு அசலாக அதைத்தான். பதினோராவது உருப்படி, மழுங்கிய டூல், மெல்லிய கடைசி வெட்டு. கீழே தட்டில் காலையிலிருந்து சேர்ந்த சீவல் ஒரு முழம் உயரத்துக்குக் கிடந்தது.

சின்னதாக ஒரு பொறி விழுந்தது. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்தினால் வருமே, அந்த வெள்ளை. முதலில் அழகாகத்தான் இருந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் தட்டு முழுக்கப் பரவிவிட்டது. நான் பின்னால் குதித்து, "தண்ணி கொண்டாடா!" என்று கத்தினேன்.

கத்தியது நான்தான். இந்த வரியை எழுத எனக்கு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "யாரோ தண்ணி கொண்டாடான்னு கத்தினாங்க" என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

பக்கத்து மெஷினில் எடுபிடியாக இருந்த பையன், பதினேழு வயது, கூலன்ட் கலக்கி வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே வீசினான்.

அதற்குப் பிறகு நடந்ததை வெடிப்பு என்று சொல்வதா, என்னவென்று சொல்வதா தெரியவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், தட்டிலிருந்தது மொத்தமும் எழும்பி மேலே வந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. எரிகிற மெக்னீசியம் மேல் தண்ணீர் பட்டால், அது தண்ணீரிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிடும். ஹைட்ரஜனோ தானே எரிகிற வாயு. போதாததற்குத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை நாலாபக்கமும் தெறிக்கவிடும். பையனுடைய இடது கை, தோள், கழுத்தின் ஒரு பக்கம். அவன் கத்தவில்லை. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த கூம்பு வடிவத் தீயணைப்பானை எடுக்க ஓடினேன். அந்தக் காலத்துச் சோடா-ஆசிட் சிலிண்டர். அதிலும் வருவது தண்ணீர்தான்! என் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளியவர் எங்கள் மேஸ்திரி. அதிகம் படிக்காதவர். முன்பு எங்கேயோ பெரிய தொழிற்சாலையில் வேலை செய்தவர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போரிங் குவியலுக்குப் போனார். வெளியே கூரையில்லாத இடத்திலும் ஒரு குவியல் இருந்தது, அதுதான் பக்கம். அதைத் தொடவில்லை, முந்தின நாள் மழை. உள்ளே காய்ந்து கிடந்த குவியலிலிருந்து வாரி வாரி, வீசாமல், தீயின் ஓரத்திலிருந்து மெதுவாகச் சரித்துச் சரித்து மூடினார். இரும்புத் தூள் சூட்டை இழுத்துக்கொண்டு, காற்றையும் அடைத்துவிட்டது. கால் மணி நேரத்தில் வெறும் சாம்பல் மேடு. "நாளைக்கு வரைக்கும் யாரும் கிளறக் கூடாது" என்றார். கிளறினால் உள்ளே மறுபடி பிடிக்கும்.

லேத்தின் படுகையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பையன் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தான். வைத்தியச் செலவை முதலாளி கொடுத்தார். அதோடு சரி. மிச்சம் ஏழு உருப்படியும் திருப்பி அனுப்பப்பட்டன. பையன் வேலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இந்த உலோகத்தைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் படித்தேன். படித்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1955-இல் பிரான்ஸில் லெ மான் கார் பந்தயத்தில் நடந்தது. அந்த வருடம் ஜூன் 11. மைக் ஹாத்தார்ன் தன் ஜாகுவாரைப் பிட்டுக்குத் திருப்புவதற்காகப் பிரேக் போட, பின்னால் வந்த லான்ஸ் மேக்லின் தன் காரை ஒடித்துத் திருப்ப, அதற்கும் பின்னால் வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். அதன்மேல் ஏறிப் பறந்து, பார்வையாளர் பக்கத்துக் கரையில் மோதிச் சிதறியது. லெவெக்கோடு எண்பது பேருக்கு மேல் செத்தார்கள். கார் பந்தய வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை கிடையாது. அந்தக் காரின் உடல் மெக்னீசியக் கலவை. எலெக்ட்ரான் என்று பெயர். வேகத்துக்காக எடையைக் குறைக்கப் போட்டது. பெட்ரோல் எரிந்த சூட்டில் அதுவும் பற்றிக்கொண்டது. அங்கிருந்த தீயணைப்பாளர்கள் ஓடிவந்து என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் ஊற்றினார்கள். தீ இன்னும் வெள்ளையாக எழுந்தது, பல மணி நேரம் எரிந்தது.

உலகத்திலேயே பெரிய பந்தயத்தில், பயிற்சி பெற்றவர்களே அதைத்தான் செய்தார்கள் என்று படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. 1955-இலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்ட விஷயம் 1979-இல் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

தெரிந்தும் செய்தார்கள் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1968-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி, ருவான் நகரத்தில். ஹோண்டா ஆர்.ஏ.302 என்று ஒரு புதுக் கார். இதற்கும் உடற்கூடு மெக்னீசியம். ஜான் சர்டீஸ் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பந்தயத்துக்கு லாயக்கில்லை, ஆபத்து என்று மறுத்துவிட்டார். ஜோ ஷ்லெசர் என்ற பிரெஞ்சுக்காரரை ஏற்றினார்கள். மழை ஈரம். டேங்க் நிறைய எரிபொருள். பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கார் சறுக்கிக் கரையில் மோதிப் பற்றிக்கொண்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் காரின் அலாய் வீலைப் பயத்தோடு பார்க்க வேண்டாம். நம் ஊர்க் கார்களில் இருப்பது பெரும்பாலும் அலுமினிய அலாய். நம்மூர்ச் சாலைகளிலும் ஓடிய பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜின் கூடு மெக்னீசியக் கலவைதான். இன்றைக்குப் பல கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற சட்டம், ஸ்டியரிங் வளையத்தின் உள்கம்பி, சீட்டுச் சட்டம் இவற்றில் மெக்னீசியம் உண்டு. கட்டியாக இருக்கிற மெக்னீசியம் சுலபத்தில் பற்றாது. சூட்டை உடம்பெல்லாம் பரப்பிவிடும், 650 டிகிரியில்தான் உருகும். தூளும் சீவலும்தான் எமன். விறகுக் கட்டையில் தீக்குச்சியை வைத்தால் ஒன்றும் ஆகாது, இழைப்புளிச் சுருளில் வைத்தால்? அதே கதை. ஆனால் கார் முழுவதும் எரிகிற தீயில் அந்தக் கட்டியும் கடைசியில் பற்றும். வண்டித் தீயை அணைக்கப் போகிறவர்கள் திடீரென்று வெள்ளை வெளிச்சம் தெறித்தால் விலகி நிற்பது அதனால்தான்.

வண்டியில் உண்மையாகப் பயப்பட வேண்டியது எரிபொருளுக்கு. பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அப்படியானால் நம் சித்திரை வெயிலில் யோசித்துக்கொள்ளுங்கள். டீசல் அப்படியில்லை. தீக்குச்சியைக் காட்டினால் சட்டென்று பிடிக்காது. அதனால் டீசல் சாது என்று நினைத்துவிடக் கூடாது. சுடுகிற சைலன்சர் மேல் ஒழுகினால் பொறியே இல்லாமல் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும், பெட்ரோலைவிடக் குறைந்த சூட்டிலேயே. அந்தக் குணத்தை வைத்துத்தானே டீசல் இன்ஜின் பிளக் இல்லாமல் ஓடுகிறது!

என் சித்தப்பா ஒருவர், மொபெட் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர். புருவமும் மீசையும் போனதோடு தப்பித்தார். கல்யாண ஆல்பத்தில் அவரை மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியாது.

காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட மோசம் என்பது வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, காலியில் ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே போதும், வெடித்துவிடும். அதனால் ஓட்டை டேங்கைப் பற்றவைப்பதற்கு முன்னால் நன்றாகக் கழுவி, அதில் தண்ணீர் நிரப்புவார்கள். ஒரு இடத்தில் ஆளை எரிக்கிற தண்ணீர் இன்னொரு இடத்தில் ஆளைக் காப்பாற்றுகிறது.

ஆம்னி வேனில் வீட்டுச் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டிய காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பின் சீட்டுக்கு அடியில் சிலிண்டர், அதன்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர். அந்த மாதிரி ஒரு வேனில் நானே என் மகளை இரண்டு வருடம் அனுப்பியிருக்கிறேன். மெக்னீசியத்தைப் பற்றி இவ்வளவு படித்தவன், வாடகை குறைவு என்று அனுப்பினேன். சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, வேனின் தரையில் தேங்கி நிற்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும். சி.என்.ஜி. காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய்விடும். அந்த வகையில் அது கொஞ்சம் பரவாயில்லை. முறையாக ஆட்டோ எல்.பி.ஜி. டேங்க் பொருத்திய வண்டி வேறு, வீட்டுச் சிலிண்டரைக் கட்டிய வண்டி வேறு. அவள் ஐந்தாவது போகும்போது ஒரு நாள் "வேன்ல கேஸ் நாத்தம் அடிக்குதுப்பா" என்றாள். அன்றோடு நிறுத்தினேன்.

இனி அந்தத் தீயணைப்பு அதிகாரி சொன்னதற்கு வருகிறேன்.

"பேர்லதான் லித்தியங்க. சாதாரணமா இந்த பேட்டரிக்குள்ள லித்தியம் உலோகமா இருக்கறதில்லீங்க, அயனியாத்தான் இருக்குது. எரியறது அதுக்குள்ள இருக்கற திரவம். அது பெட்ரோல் மாதிரி எரியற சரக்கு" என்றார். ஒரு செல் கெட்டுச் சூடாக ஆரம்பித்தால் அந்தச் சூடே இன்னும் சூட்டை உண்டாக்கும். பக்கத்து செல்லுக்குத் தாவும், அது அதற்கடுத்ததுக்கு. சில வகை பேட்டரிகளில் உள்ளிருக்கும் ரசாயனமே ஆக்சிஜனையும் வெளிவிடும். வெளிக்காற்றை அடைத்துப் பயனில்லை. மணலைப் போட்டு மூடினால் தீ கண்ணுக்குத் தெரியாது, உள்ளே சூடு மட்டும் போர்வை போர்த்தியது போலப் பத்திரமாக இருக்கும். அதைக் குளிரவைக்க வேண்டும். குளிரவைக்கத் தண்ணீர்தான். ஒரு வாளி இரண்டு வாளி இல்லை, ஹோஸ் வைத்து விடாமல் நெடுநேரம் அடிக்க வேண்டும். அணைந்த பிறகும் சில மணி நேரம் கழித்து, ஏன் மறுநாள்கூட, மறுபடி பற்றலாம். அதனால் வண்டியைக் கட்டடத்திலிருந்து தள்ளி, திறந்த வெளியில் வைத்துவிட வேண்டும்.

"அப்ப நாங்க தண்ணி அடிக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"நீங்க அடிக்க வேண்டாமுங்க ஐயா. மெயின் சுவிட்சுக்குப் பத்திரமாப் போக முடிஞ்சா ஆஃப் பண்ணுங்க. எல்லாரையும் வெளிய கூப்பிட்டு, 101-க்குப் போன் பண்ணுங்க. தீயைவிடப் புகைதானுங்க ஆளைக் கொல்லுது. படிக்கட்டுக்கு அடியில சார்ஜ் போட்டா, நீங்க தப்பிச்சுப் போற வழியிலதான் அந்தப் புகை ஏறும்."

அதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது எல்லோருக்கும் நினைவு இருந்தது. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது ஸ்கூட்டர் பற்றி, ஒரு அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்த வருடம் இப்படி வண்டிகள் அடுத்தடுத்துப் பற்றிய பிறகுதான் அரசாங்கம் ஏ.ஐ.எஸ்.156 என்கிற பேட்டரி விதிகளை இறுக்கியது. 2022 டிசம்பரில் பாதி, 2023 மார்ச் கடைசியில் மீதி என்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் ஒன்பதில் மூன்று அப்படிப்பட்டவை.

அன்றைக்கே முடிவு எடுத்தோம் என்று எழுத ஆசைதான். ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாம் மாடித் தம்பி, "பெட்ரோல் வண்டியும்தான் எரியுது, அதைக் கீழே நிறுத்தலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெட்ரோல் வண்டிகளும் ஏராளமாக எரிகின்றன. ஆனால் எல்லோரும் தூங்குகிற நேரத்தில், ஒயர் மாட்டி, படிக்கட்டுக்கு அடியில் யாரும் பெட்ரோல் வண்டியை வேலை செய்ய வைப்பதில்லை என்றேன். கடைசியில் காம்பவுண்டுச் சுவர் ஓரம், ஆறு பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி., மேலே தகரக் கூரை. ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜ் கிடையாது. எட்டு சிவப்பு வாளிகளில் இப்போது செம்பருத்தி வைத்திருக்கிறார்கள்.

செலவுக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு எனக்கு அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பையனா, அவருக்கே அறுபத்து மூன்று ஆகிவிட்டது. இருகூரில் மாவு மில் வைத்திருக்கிறார் என்று தெரியும். நடுவில் இரண்டு கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியிருக்கிறோம். பஸ் ஏறிப் போனேன்.

"வாங்கண்ணா, வாங்க. கண்ணு ஆப்பரேசன் பண்ணுனதாச் சொன்னாங்க, இப்பப் பார்வை நல்லாத் தெரியுதுங்களா?" என்றார். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அந்தக் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அன்னைக்குத் தண்ணி கொண்டாடான்னு கத்துனது நான்தான்."

"தெரியுமுங்கண்ணா. அந்த லேத்துல நின்னது நீங்கதானுங்களே. வேற யாரு கத்துவாங்க?"

அவ்வளவுதான். கோபமும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். பிறகு நான் எங்கள் குடியிருப்புக் கதையைச் சொன்னேன். மணல் வாளி, அதிகாரி, செம்பருத்தி எல்லாம். வாளியில் செம்பருத்தி வைத்ததற்குச் சிரித்தார். பேட்டரி சமாச்சாரத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பையன் போன தையில ஒண்ணு வாங்குனானுங்கண்ணா. பழைய வண்டிதான், கை மாத்தி வாங்குனது. வாசக்கதவுக்கு உள்பக்கமாத்தான் போட்டு வெச்சிருக்கறான். வெளிய வெச்சா திருடிட்டுப் போயிருவாங்கன்னு."

"வேற வாசல் இருக்குதா வீட்டுக்கு?"

"இல்லீங்க."

எழுந்து போய்ப் பார்த்தோம். குறுகலான நடை. வண்டி பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, பக்கத்தில் செருப்பு அலமாரி, அதன்மேல் பழைய பேப்பர்க் கட்டு. சார்ஜர் சுடச்சுட இருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். நான் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன், அவர் பின்னாலிருந்து தள்ளினார். படி இறக்கத்தில் கொஞ்சம் திணறிவிட்டோம். மில்லுக்கு முன்னால் இருக்கிற ஓட்டுச் சார்ப்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குச் சங்கிலிப் பூட்டுப் போட்டார். எலெக்ட்ரீசியனுக்கு என் போனிலிருந்தே பேசினார்.

ஏழரை பஸ்ஸுக்கு என்னை நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.